தெர்மாகோலுக்குச் சிரித்தோம், அரை மணி நேரத்துக்கு என்ன செய்தோம்?

(கான்சாபுரத்தில் இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாற்று மதச் சகோதரர்களும் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். இன்று பேசப்போவது நம் எல்லோருடைய சட்டைப்பையையும் பற்றிய விஷயம். அதில் சாதி மதம் கிடையாது.

எந்த ஊர்ப் பள்ளிவாசலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜமாஅத் பொதுக்குழு கூடுகிறது. முத்தவல்லி வரவு செலவு வாசிக்கிறார். "டியூப் லைட் வகையில் இவ்வளவு" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஒருவர் எழுந்துவிடுவார். பட்டி எத்தனை, ஸ்டார்ட்டர் எத்தனை, கழற்றிய பழைய பட்டி எங்கே? நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி வாங்கியதில் கால் கிலோ கூடுதல் என்று அஸருக்குப் பிறகு ஆரம்பிக்கிற வழக்கு மஃரிபு பாங்கு சொல்லும்வரை ஓடும். கேட்கிறவர் கஞ்சிக்குக் கொடுத்த சந்தா ஐம்பது ரூபாயாக இருக்கும்!

தப்பில்லை. கேட்கத்தான் வேண்டும். பொதுப் பணம் அது. ஆனால் அதே மனிதர் தீப்பெட்டி வாங்கும்போதும், வண்டிக்குப் பெட்ரோல் போடும்போதும், பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்கும்போதும் சென்னைக்கும் டெல்லிக்கும் சந்தா கட்டிக்கொண்டே இருக்கிறாரே, அந்தக் கணக்கை எந்தப் பொதுக்குழுவில் எழுந்து கேட்டார்? அங்கே ஒரு ஸ்டார்ட்டருக்காவது கேள்வி உண்டா?

மிதந்த பணமும் மூழ்கிய பணமும்

கேட்டோமே, தெர்மாகோலுக்குச் சிரித்தோமே என்பீர்கள். ஆமாம், சிரித்தோம். 2017 ஏப்ரல் 21. இதோ தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் வைகை அணை. வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் தடுக்க, தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி, படகில் கொண்டுபோய் அணையில் மிதக்கவிட்டார் அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு. அதிகாரிகள் சூழ நின்றார்கள், கேமராக்கள் நின்றன. காற்று மட்டும் நிற்கவில்லை. அமைச்சர் கரையேறும்போது அட்டைகளும் அவரோடு கரையேறிவிட்டன. பத்து லட்ச ரூபாய்த் திட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. நாடே சிரித்தது. இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளை சிரிக்கும்.

ஏன் சிரித்தோம்? பணம் மிதந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் காரணம். பெரிய பணம் மிதப்பதில்லை சகோதரர்களே. அது ஓசையில்லாமல் மூழ்கிவிடும்.

சென்னையில் ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் கட்டினார்கள். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்து வைத்தார். ஆனால் கட்டடத்தின் உச்சியில் இருக்க வேண்டிய கோபுரம் தயாராகவில்லை. என்ன செய்வது? சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கூப்பிட்டு, கோபுரம் மாதிரியே ஒரு செட் போட்டார்கள். சட்டமன்றத்துக்குத் தலையே செட்டிங்! முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி அந்தப் புது மண்டபத்தில் சபை நடத்தினார். 2011 மே மாதம் ஆட்சி மாறியது. வந்த ஜெயலலிதா அம்மையார் அந்தக் கட்டடத்தில் கால் வைக்க மாட்டேன் என்று பழைய கோட்டைக்கே திரும்பினார். ஆகஸ்டில், அதை மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவித்தார். 2014 பிப்ரவரியில் அது உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. ஏழைகளுக்குப் பயன்படுகிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உறுப்பினர்கள் உட்கார்ந்து பேசக் கட்டியதை இடித்து, நோயாளிகள் படுக்க மாற்றிய செலவு யார் தலையில்?

அதோடு முடிந்ததா? அந்தக் கட்டடத்தில் விரயம் நடந்ததா, முறைகேடு நடந்ததா என்று விசாரிக்க நீதிபதி ரகுபதி ஆணையம் போட்டார்கள். ஆணையத்துக்கு நீதிமன்றம் தடை போட்டது. தடை விழுந்த பிறகும் ஆணையத்தின் செலவு நிற்கவில்லை. 2018ல் உயர் நீதிமன்றம் கண்டித்துக் கேட்ட பிறகுதான் கடையைக் கட்டினார்கள். அதற்குள் ஆணையத்துக்குப் போனது 4 கோடி ரூபாய்க்கு மேல். விரயத்தைக் கண்டுபிடிக்கப் போட்ட கமிஷனே விரயக் கணக்கில் ஏறியது! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் கிராமத்தில் சொல்வார்கள். இங்கே நெய்யும் ஊரானுடையது, கரண்டியும் ஊரானுடையது, கை கழுவுகிற தண்ணீர்கூட ஊரானுடையது.

இதிலாவது ஒரு கட்சி கட்டியது, இன்னொரு கட்சி எதிர்த்தது. சண்டை வந்ததால் நமக்கு விஷயம் தெரிந்தது. சண்டையே வராத இடங்களைச் சொல்கிறேன் கேளுங்கள். நான் இந்த ஊருக்கு வந்ததே அதைச் சொல்லத்தான்.

அந்த அரை மணி நேரம்

2018 மார்ச் 14. மக்களவை. நாட்டின் பட்ஜெட், ஏறக்குறைய 24 லட்சம் கோடி ரூபாய். அதைத் துறை துறையாக எடுத்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டு விவாதித்து நிறைவேற்ற வேண்டும். அன்று எவ்வளவு நேரம் விவாதித்தார்கள்? விவாதமே இல்லை. எல்லாத் துறைகளின் மானியக் கோரிக்கைகளும், நிதி மசோதாவும், அதற்கு வந்த இருநூறுக்கும் மேற்பட்ட திருத்தங்களும் சுமார் அரை மணி நேரத்தில் நிறைவேறின. நம் பொதுக்குழுவில் ஒரு கால் கிலோ இஞ்சிக்கு இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வோம்!

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கில்லட்டின்'. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தலையை வெட்ட வைத்திருந்த இயந்திரத்தின் பெயர். நேரம் முடிந்துவிட்டால் மீதியை எல்லாம் விவாதமில்லாமல் ஒரே வெட்டாக வெட்டி நிறைவேற்றுவது. பெயர் வைத்தவர் நேர்மையான ஆள்தான். வெட்டுவதை வெட்டு என்றே சொல்லிவிட்டார்.

சபையில் அன்று அமைதியா? இல்லை, பெருங்கூச்சல். நம் தமிழக உறுப்பினர்கள் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அவையின் நடுவே நின்றார்கள். ஆந்திர உறுப்பினர்கள் சிறப்பு அந்தஸ்து கேட்டார்கள். வேறு சிலர் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியைப் பற்றிக் கேட்டார்கள். (இந்த வங்கியின் பெயரை மனதில் வையுங்கள், திரும்ப வரும்.) கோரிக்கைகள் நியாயமானவை. ஆனால் அந்தக் கூச்சலுக்குக் கீழே, நிதி மசோதாவின் பக்கங்களுக்குள் இரண்டு சரக்கு ஓசையில்லாமல் போனது.

ஒன்று, எம்.பி.க்களின் சம்பளம். 50,000 ரூபாய் ஒரு லட்சமானது. அதோடு விடவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து தானாகவே ஏறும்படி ஏற்பாடு. அதன்படிதான் 2025 மார்ச்சில் 1,24,000 ரூபாய் ஆனது. அதையும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற நம் தாய்மார்கள் வாரக் கூலி பாக்கி என்று பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றால்தான் பணம் வரும். அங்கே நிற்காமலேயே வரும்.

இரண்டாவதுதான் பெரிய வேடிக்கை. வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் அரசியல் கட்சிகள் நன்கொடை வாங்கக் கூடாது என்று 1976ல் ஒரு சட்டம் வந்தது. வேதாந்தா குழுமத்துக் கம்பெனிகளிடம் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் பணம் வாங்கியது இந்தச் சட்டத்துக்கு விரோதம் என்று 2014ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு கட்சியும்! ஊர் ஊராக ஒன்றை ஒன்று கிழித்துக்கொள்கிற இரண்டு கட்சியும் ஒரே வழக்கில் ஒரே கூண்டில். என்ன செய்தார்கள்? வெளிநாட்டுக் கம்பெனி என்றால் எது என்ற விளக்கத்தையே 2016ல் மாற்றினார்கள். அது 2010 வரைக்கும்தான் பின்னோக்கிப் போனது, பாக்கி இருந்தது. 2018ல் அந்த அரை மணி நேரத்தில், அதை 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னோக்கி இழுத்துவிட்டார்கள். 42 வருடம்! உங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹெல்மெட் இல்லாமல் போலீஸ்காரர் பிடிக்கிறார். "ஐயா, போன மாதம் முதல் ஹெல்மெட் தேவையில்லை என்று இப்போது நானே சட்டம் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்ப முடியுமா? அவர்களால் முடிந்தது. அன்று தொண்டை கிழியக் கத்தினார்களே, அந்தக் கூச்சல் இதற்காக அல்ல.

வாங்கியவன் நிரபராதி, போடாதவன் குற்றவாளி

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. 1993 ஜூலை 28. பிரதமர் நரசிம்மராவ் அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். காங்கிரசுக்குப் பதினான்கு ஓட்டுக் குறைவு. ஓட்டெடுப்பு நடந்தது. தீர்மானத்துக்கு ஆதரவு 251, எதிர்ப்பு 265. அரசு பிழைத்தது. குறைந்த பதினான்கும் எங்கிருந்து வந்தது? பின்னால் வழக்கு வந்தபோது கதை தெரிந்தது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவின் எம்.பி.க்கள் வாங்கியதாகச் சொல்லப்பட்ட பணத்தை டெல்லியில் ஒரு வங்கிக் கிளையில் தங்கள் கணக்கிலேயே போட்டு வைத்திருந்தார்கள். எந்த வங்கி? பஞ்சாப் நேஷனல் வங்கி! லஞ்சப் பணத்தை மண்ணில் புதைத்தவன் உண்டு, மெத்தையில் தைத்தவன் உண்டு. பாஸ்புக் போட்டு வட்டியும் எதிர்பார்த்தவர்களை அன்றுதான் நாடு பார்த்தது.

1998ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். சபையில் போடுகிற ஓட்டுக்காக எந்த உறுப்பினர் மீதும் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது என்று அரசியல் சட்டத்தின் 105வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆகவே பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டவர்கள் தப்பித்தார்கள். பணம் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, ஆனால் ஓட்டே போடாத அஜீத் சிங்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது!

நன்றாகக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு வாங்கினாய், சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய், நீ சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறாய். காசு வாங்கினாய், வேலையைச் செய்யவில்லை, நீ கூண்டில் ஏறு. வியாபாரத்தில் நாணயம் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றமே உறுதி செய்த மாதிரி ஆயிற்று. நரசிம்மராவ் மீது கீழ் நீதிமன்றம் 2000ல் குற்றம் நிரூபணமானது என்றது, 2002ல் டெல்லி உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இந்தத் தீர்ப்பு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நாட்டின் சட்டமாக இருந்தது. அதைக் கவிழ்க்கக் காரணமான வழக்கு யாருடையது தெரியுமா? அதே கட்சியின் சிபு சோரன் அவர்களுடைய மருமகள் சீதா சோரன். 2012 மாநிலங்களவைத் தேர்தலில் ஒரு வேட்பாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு வேறொருவருக்கு ஓட்டுப் போட்டார் என்பது குற்றச்சாட்டு. மாமனார் காலத்துத் தீர்ப்பைக் காட்டி எனக்கும் பாதுகாப்பு உண்டு என்று கேட்டார். ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, 2024 மார்ச் 4 அன்று, லஞ்சம் வாங்கியவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, ஓட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் வாங்கிய கணமே குற்றம் முடிந்துவிட்டது என்று ஒருமனதாகச் சொன்னார்கள். நல்ல தீர்ப்பு. தாமதமான தீர்ப்பு.

மதரஸாவில் ஓதுகிற பிள்ளைக்கும் தெரிந்த சம்பவம் ஒன்று உண்டு. இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தன் தகப்பன் வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். ஏழு நீதிபதிகள் தேவைப்படவில்லை. இந்த ஒரு கேள்வியை எந்த எம்.எல்.ஏ.விடமும் நீங்கள் கேட்கலாம். நாங்கள் மை வைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கார் உன் வீட்டு வாசலுக்கு வந்திருக்குமா?

அதே 1993, டிசம்பர் மாதம். ஓட்டெடுப்பு முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்றை அதே நரசிம்மராவ் அறிவித்தார். முதலில் ஒருவருக்கு 5 லட்சம். அடுத்த வருடமே 1 கோடி. 1998ல் 2 கோடி. 2011ல் 5 கோடி. ஏறுகிற வேகத்தைப் பாருங்கள், எந்தக் கண்மாய்க்காவது இப்படி நிதி ஏறியிருக்கிறதா? இரு அவைகளின் மொத்த இடத்துக்கும் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 3,900 கோடிக்கு மேல். நம் மாநிலத்தில் எம்.எல்.ஏ. நிதி 2 கோடியில் இருந்து இரண்டரை, பிறகு 3 கோடி என்று உயர்ந்தது.

இந்தப் பணம் உறுப்பினரின் பையில் போவதில்லை. அவர் சிபாரிசு செய்வார், கலெக்டர் அனுமதிப்பார். ரேஷன் கடைக் கட்டடம், பள்ளிக்கூட வகுப்பறை என்று நல்ல வேலைகளும் நடந்திருக்கின்றன. என் கேள்வி வேறு. அரசு செய்கிற செலவுக்குக் கணக்குக் கேட்க நாம் ஒருவரை அனுப்பினோம். அவரையே செலவு செய்கிறவராக மாற்றிவிட்டால் கணக்குக் கேட்பது யார்? 2007ல் வீரப்ப மொய்லி தலைமையில் இருந்த நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் இந்த நிதியை ஒழிக்கச் சொன்னது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, அவர்களுக்கும் எதிர்க்கட்சி என்று ஒருவரும் அசையவில்லை. பீகாரில் நிதிஷ் குமார் எம்.எல்.ஏ. நிதியை நிறுத்தினார். கைதட்டினார்கள். பிறகு வேறொரு பெயரில் அது திரும்பி வந்தது.

2017ல் நம் மாநிலம்

இனி நம் மாநிலத்துக்கு வருவோம், வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசே அறிவித்தது. பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் கடற்கரை விடுதியில். தொகுதிக்காரன் குடத்தோடு நிற்கிறான், உறுப்பினர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிப்ரவரி 18 அன்று 122 பேர் கை தூக்கினார்கள், ஆட்சி நின்றது. ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், பண வினியோகத்தால் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. அதே ஏப்ரலில் தெர்மாகோல். ஜூலையில் நம் விவசாயிகள் டெல்லியில் மண்டை ஓட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, இங்கே எம்.எல்.ஏ. சம்பளம் 55,000ல் இருந்து 1,05,000 ஆகும் என்று சபையில் அறிவிப்பு. அடுத்த ஜனவரியில் பஸ் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு நடுவே மசோதா வந்தபோது தி.மு.க. எதிர்த்தது. ஆனாலும் நிறைவேறியது. செப்டம்பரில் 18 பேரின் பதவி பறிபோனது. அவர்கள் அதற்குள் புதுச்சேரியும் குடகும் சுற்றிப் பார்த்திருந்தார்கள். இத்தனையும் நடந்த வருடத்தில் நாம் எதற்குச் சிரித்தோம்? பத்து லட்சத்துக்கு.

அவர்களை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனால் நான் மேடைப் பேச்சாளன், அவ்வளவுதான். இங்கிருந்து மதுரைக்கு பஸ் ஏறினால் வழியில் திருமங்கலம் வரும். 2009 ஜனவரி இடைத்தேர்தலில் காலைப் பத்திரிகைக்குள் கவர் வைத்து வீட்டுக்கு வீடு போட்டார்கள் என்று அமெரிக்கத் தூதரகத்தின் குறிப்பு வரை ஏறியது. 2011ல் விக்கிலீக்ஸ் வழியாக உலகமே படித்தது. 'திருமங்கலம் ஃபார்முலா' என்று நம் பக்கத்து ஊர் பெயரிலேயே சூத்திரம். கவரை வாங்கிய கை, கூவத்தூரைப் பார்த்து எப்படி நீளும்? அவர் மொத்த வியாபாரி, நாம் சில்லறை வியாபாரி.

நம் சமுதாயத்துக்குள்ளேயே தரகர்கள் இருக்கிறார்கள். ஜமாஅத் லெட்டர்பேடை எடுத்துக்கொண்டு போய், இத்தனை ஓட்டு என் கையில் என்று பேசி முடித்துவிட்டு வருகிறார்கள். யார் ஓட்டை யார் விற்பது? கேட்டால், கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் வாங்கித் தந்தேன் என்பார். அந்தச் சுவர் தொகுதி நிதியில் வந்தது, உன் தீப்பெட்டி வரியில் வந்தது. அதற்கு ஒரு சால்வை, ஒரு மாலை, திறப்பு விழாவில் ஒரு தொப்பி வேறு. ரமலானில் தொப்பி போட்டுக்கொண்டு கஞ்சி குடிக்க வருகிற தலைவர்களை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கஞ்சி குடித்த பிறகு, ஐயா, கால் கிலோ இஞ்சிக்குக் கணக்குக் கேட்கிற ஊர் இது, போன வருடத்து 3 கோடி எந்தெந்த ஊருக்குப் போனது என்று ஒருவராவது கேளுங்கள்.

கான் சாகிப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிற ஊர் இது. 1764ல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட அந்த மனிதர், நிர்வாகம் செய்த காலத்தில் நீர்ப்பாசனத்தைக் கவனித்தவர் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். உங்கள் கண்மாய் மடையையும் வரத்துக் கால்வாயையும் எந்த வருடம், எந்த நிதியில், எவ்வளவுக்குச் சரிசெய்ததாகக் கணக்கில் எழுதியிருக்கிறது என்று உங்களில் யாருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்.

ஒரு கையும் இல்லை.

தெரிந்துகொள்ள 2005லேயே சட்டம் வந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டம். விருதுநகர் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றே கேள்வி போதும். கடந்த ஐந்து வருடத்தில் எம்.எல்.ஏ. நிதியில் இந்த ஊராட்சிக்கு என்ன வேலை நடந்தது, மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது எவ்வளவு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. பொதுக்குழுவில் டியூப் லைட் கேட்கிற அந்த அண்ணன் இருக்கிறாரே, அவரை முன்னால் நிறுத்துங்கள். அவர் வாய்க்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

மேடைக்கு இடப்பக்கம் மேஜை போட்டு மூன்று இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மனுவை அவர்கள் எழுதித் தருவார்கள், தாளும் பேனாவும் அவர்களுடையது. பத்து ரூபாய் ஸ்டாம்ப் மட்டும் உங்கள் செலவு. பெயர் கொடுக்காமல் யாரும் டீ குடிக்கப் போக வேண்டாம். வஸ்ஸலாம்.